ஒன்றரை அடிச் சுவரும் கிளவுட் கேமிங்கும்

கிளவுட் கேமிங் என்பது விளையாட்டை ஓரிடத்தில் ஓடவிட்டு, அதன் படத்தை மட்டும் இன்னோரிடத்தில் பார்த்து ஆடும் முறை. விளையாட்டு ஓடுவது எங்கோ ஒரு தரவு மையத்துக் கணினியில். வீட்டுத் திரைக்கு வந்து சேர்வது நொடிக்கு 30 அல்லது 60 படங்கள் கொண்ட காணொளி. வீட்டிலிருந்து திரும்பிப் போவது எந்தப் பொத்தான் அழுத்தப்பட்டது என்ற சிறு செய்தி. விலை உயர்ந்த கணினியோ பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ் போன்ற பெட்டியோ தேவையில்லை. செல்போன், பழைய லேப்டாப், ஆண்ட்ராய்டு டிவி, இவற்றில் ஒன்று இருந்தால் போதும். இந்தியாவில் இம்முறை பரவலாக வீடுகளுக்கு எட்டத் தொடங்கியது 2022ஆம் ஆண்டின் இறுதியில். அதையடுத்து வந்த பொங்கல் விடுமுறையில், புதுச்சேரி நகரில் பெரிய வாய்க்காலுக்கு மேற்கே, தமிழர் பகுதியில் உள்ள பழைய வீடு ஒன்றில் இது ஆடிப் பார்க்கப்பட்டது.

இணையத்தில் சினிமா பார்ப்பதற்கும் இதற்கும் மேலோட்டமாக வேறுபாடு தெரியாது. இரண்டும் ஓடும் படமே. ஆனால் சினிமா முன்பே எடுத்து வைக்கப்பட்டது. இணைப்பு நன்றாக இருக்கும்போது அடுத்த ஒரு நிமிடத்துக்கான படத்தை டிவி இழுத்து வைத்துக்கொள்கிறது. நடுவில் இணைப்பு பத்து நொடி தடுமாறினாலும் பார்ப்பவருக்குத் தெரியாது. விளையாட்டில் அடுத்த நொடிப் படம், ஆடுபவர் என்ன செய்கிறார் என்பதைப் பொறுத்துத்தான் உருவாகிறது. முன்கூட்டி இழுத்து வைக்க எதுவும் இல்லை. வழியில் ஒரு துண்டு தொலைந்தால் திரும்பக் கேட்டு வாங்கவும் நேரமில்லை. அது வந்து சேர்வதற்குள் ஆட்டம் வேறெங்கோ போயிருக்கும். எனவே இங்கே இணைப்பின் வேகத்தைவிட அதன் சீர்தான் முக்கியம். விளம்பரப் பலகையில் இருக்கும் ‘100 எம்பிபிஎஸ்’ ஒரு நொடியில் எவ்வளவு தரவு வரும் என்பதைச் சொல்லும். எவ்வளவு தாமதமாக வரும், விட்டு விட்டு வருமா ஒரே சீராக வருமா என்பதை அந்த எண் சொல்லாது.

முறை புதிதல்ல. அமெரிக்காவில் ஸ்டீவ் பெர்ல்மன் தொடங்கிய ஆன்லைவ் 2010 ஜூனில் சேவைக்கு வந்தது. 2015 ஏப்ரல் 30 அன்று மூடப்பட்டது. அதன் காப்புரிமைகளைச் சோனி வாங்கிக்கொண்டது. அதற்கு முன்பே, 2012இல், டேவிட் பெர்ரியின் கைகாய் நிறுவனத்தைச் சோனி 38 கோடி டாலர் கொடுத்து வாங்கியிருந்தது. கூகுளின் ஸ்டேடியா 2019 நவம்பர் 19 அன்று 14 நாடுகளில் தொடங்கியது. மைக்ரோசாஃப்ட் 2020 செப்டம்பர் 15 அன்று 22 நாடுகளில் எக்ஸ்பாக்ஸ் விளையாட்டுகளை ஆண்ட்ராய்டு போன்களுக்கு அனுப்பத் தொடங்கியது. இரண்டு பட்டியலிலும் பிரான்ஸ் இருந்தது, இந்தியா இல்லை.

இது மற்ற ஊர்களைவிடப் புதுச்சேரியில் கூடுதலாக உறுத்தியது. 1962 ஆகஸ்ட் 16 அன்று பிரெஞ்சுப் பகுதிகள் சட்டப்படி இந்தியாவோடு இணைந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டும் என்போர் அதைத் தெரிவிக்க ஆறு மாத அவகாசம் தரப்பட்டது. அப்படித் தெரிவித்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்று பாரிஸைச் சுற்றியுள்ள ஊர்களில் வாழ்கிறார்கள். ஆகவே தமிழர் பகுதியின் ஒரே தெருவில் இரண்டு வகைப் பிள்ளைகள் உண்டு: கோடை விடுமுறைக்குப் பிரான்சிலிருந்து வருபவர்கள், அவர்கள் கொண்டுவருவதைச் சுற்றி நின்று பார்ப்பவர்கள். மேற்சொன்ன வீட்டுப் பிள்ளைகள் இரண்டாவது வகை. பாரிஸ் அருகே சர்செல்லில் இருக்கும் மாமா மகன் பெட்டியே இல்லாமல் டிவியில் கார் ஓட்டுவதை வாட்ஸ்ஆப்பில் பார்த்தவர்கள்.

அவர்கள் அதுவரை ஆடிவந்த விதமும் புதுச்சேரிக்கு மட்டும் உரியதல்ல. தமிழ்நாட்டுச் சிறு நகரங்களில் எல்லாம் ஏறக்குறைய இதே வரிசைதான். தொண்ணூறுகளில் மூத்தவர்களுக்கு 8 பிட் டிவி வீடியோ கேம். ஜப்பானில் 1983இல் வந்த நின்டெண்டோ ஃபேமிகாமின் நகல்கள் அவை. மஞ்சள் நிறக் கேசட்டை மேலே செருகினால் மாரியோவும் கான்ட்ராவும் ஓடும். இரண்டாயிரங்களில் பிரவுசிங் சென்டர். மணிக்கு இவ்வளவு என்று காசு கொடுத்து, லேனில் இணைந்த கணினிகளில் கவுன்டர் ஸ்ட்ரைக். பிறகு செல்போன். பப்ஜி மொபைல் 2020 செப்டம்பரில் தடை செய்யப்பட்டு, 2021இல் வேறு பெயரில் திரும்பி வந்தது. பெரிய பெட்டிகள் மட்டும் எட்டாமலே இருந்தன. எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் 2020 நவம்பரிலும் பிளேஸ்டேஷன் 5 2021 பிப்ரவரியிலும் இந்தியாவுக்கு வந்தபோது, இரண்டின் விலையும் ₹49,990. புது விளையாட்டு ஒன்று ஏறத்தாழ ஐயாயிரம் ரூபாய். நடுத்தரக் குடும்பத்தில் அந்தத் தொகைக்கு முன்வரிசையில் நிற்பவை ஃபிரிட்ஜும் கல்லூரிக் கட்டணமும்.

இந்தியாவில் கிளவுட் கேமிங்கில் தொலைபேசி நிறுவனங்கள் ஆர்வம் காட்டின. 2021இல் ஏர்டெல் ஹரியானாவின் மானேசரில் 5ஜி சோதனை இணைப்பில் இதை நடத்திக் காட்டியது. 2022 அக்டோபர் 1 அன்று நாட்டில் 5ஜி தொடங்கிவைக்கப்பட்டது. அந்த ஆண்டு முடிவதற்குள் ஜியோகேம்ஸ்கிளவுட் சோதனைப் பதிப்பாக வெளிவந்தது. செல்போன், கணினி, செட்டாப் பாக்ஸ் மூன்றிலும் ஆடலாம். ஜியோவோடு கைகோத்த கேம்ஸ்ட்ரீம் ஒரு பிரெஞ்சு நிறுவனம். 2024 மார்ச்சில் வி நிறுவனம் கிளவுட் பிளே என்ற சேவையைத் தொடங்கியபோது அதற்குத் தொழில்நுட்பம் தந்த கேர்கேமும் பாரிஸ் நிறுவனமே. எக்ஸ்பாக்ஸ் கிளவுட் கேமிங் இந்தியாவுக்கு வந்தது 2025 நவம்பரில்.

பொங்கலுக்கு ஆடிப் பார்த்தது அக்காலத்தில் செலவின்றிச் சோதித்துப் பார்க்கக் கிடைத்த சேவைகளில் ஒன்று. அதைப் பற்றிச் சொல்வதற்குமுன் வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். தெருவை ஒட்டித் தாழ்வாரம், அதற்குள் திண்ணை, தேக்குக் கதவு, நடை, நடுவில் வானம் பார்த்த முற்றம், அதைச் சுற்றித் தூண் வைத்த தாழ்வாரம், பின்பக்கம் அறைகள். வைசியாள் வீதியில் சீரமைக்கப்பட்டு நிற்கும் வீடுகளின் அமைப்பே இது. சுவர்கள் செங்கல்லும் சுண்ணாம்பும். சில இடங்களில் ஒன்றரை அடி கனம். வெயில் காலத்தில் உள்ளே குளிர்ச்சி தருவது அந்தக் கனம்தான். வைஃபை அலையைத் தடுப்பதும் அதுதான்.

ஃபைபர் கம்பி வீட்டுக்குள் நுழைந்த வழி, தொண்ணூறுகளில் கேபிள் டிவி ஒயர் நுழைவதற்காகத் திண்ணைப் பக்கம் போட்ட அதே துளை. அன்று கேபிள் கொடுத்தவரே இன்று நெட்டும் கொடுக்கிறார். துளையைப் பெரிதாக்கக்கூட வேண்டியிருக்கவில்லை. ஃபைபர் வந்து நிற்கும் இடத்தில்தான் ரூட்டர். அதாவது தலைவாசலை அடுத்து, மின்சார மீட்டருக்குப் பக்கத்தில். டிவி இருப்பதோ முற்றத்துக்கு அப்பால், உள்கூடத்தில். இடையில் இரண்டு சுவர், ஒரு திறந்த முற்றம், அதன் மூலையில் பித்தளைத் தவலையும் இரும்பு பீரோவும். இணையம் வாங்கியபோது இதைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை. யோசிக்க அவசியமும் இருக்கவில்லை. வாட்ஸ்ஆப்பும் யூடியூபும் உள்கூடத்தில் நன்றாகவே வந்துகொண்டிருந்தன.

முதலில் போடப்பட்டது கார்ப் பந்தயம். பதிவிறக்கம் செய்ய எதுவும் இல்லை. பிடித்த படத்தின்மேல் அழுத்தியதும் ஒரு நிமிடத்துக்குள் பந்தயத் தடம் டிவியில் விரிந்தது. 60, 70 ஜிபி கொண்ட விளையாட்டை இரவு முழுக்க இறக்க வேண்டும் என்று கேள்விப்பட்டிருந்தவர்களுக்கு இதுவே பெரிய அதிசயம். படமும் துல்லியமாக இருந்தது. ஆனால் முதல் வளைவில் காரைத் திருப்பியபோது, கை திருப்பிய பிறகு சற்று யோசித்துவிட்டே கார் திரும்பியது; அதற்குள் தடுப்பில் மோதியாகிவிட்டது. சில நிமிடத்துக்கு ஒருமுறை படம் கட்டம் கட்டமாக உடைந்து, மீண்டும் கூடியது. குத்துச்சண்டை போட்டுப் பார்த்தபோது நிலைமை இன்னும் மோசம். எதிராளியின் கை வருவது தெரிந்து தடுத்தாலும் அடி விழுந்து முடிந்திருக்கும். “லேக் அடிக்குது” என்று பிள்ளைகள் ஒரே வார்த்தையில் முடித்தார்கள். பக்கத்தில் முறத்தோடு உட்கார்ந்திருந்த ஆயாவுக்கு வேறு சந்தேகம்: “ஏண்டா, ஆடறது நீயா, அந்தப் பக்கம் இருக்கிறவனா?”

ஆயாவின் கேள்வி பொருத்தமானதுதான். ஆட்டம் நடப்பது அந்தப் பக்கத்தில். இந்தப் பக்கத்தில் இருப்பது அதன் நிழலும் கட்டளையும். கட்டளை போய் நிழல் திரும்புவதற்குள் ஆகும் நேரம் பல துண்டுகளால் ஆனது. கையிலுள்ள ஜாய்ஸ்டிக்கிலிருந்து புளூடூத் வழியாகச் செய்தி டிவிக்குப் போக ஏறத்தாழ 10 மில்லிநொடி. டிவியிலிருந்து வைஃபையில் ரூட்டருக்கு. ரூட்டரிலிருந்து ஃபைபரில் தரவு மையத்துக்கு. அங்கே விளையாட்டு அந்தச் செய்தியை எடுத்து அடுத்த படத்தை வரைய வேண்டும். நொடிக்கு 60 படம் என்றால் ஒரு படத்துக்கு 16.7 மில்லிநொடி, 30 படம் என்றால் 33.3. வரைந்ததைச் சுருக்கிக் காணொளியாக்க வேண்டும். அது திரும்பி வர வேண்டும். டிவி அதை விரித்து, நிறம் கூட்டி, அசைவை மென்மையாக்கித் திரையில் காட்ட வேண்டும். பல டிவிகளில் இந்தக் கடைசி ஒப்பனைக்கு மட்டும் 50 மில்லிநொடிக்கு மேல் ஆகிவிடும்.

எந்தத் துண்டில் நேரம் வீணாகிறது என்று கண்டுபிடிக்க அவ்வீட்டின் மூத்த மகன் கைக்கொண்ட வழி எளிமையானது. இன்றைய செல்போன்கள் பலவற்றில் நொடிக்கு 240 படம் எடுக்கும் ஸ்லோ மோஷன் வசதி உண்டு. ஜாய்ஸ்டிக்கின் பொத்தானும் டிவித் திரையும் ஒரே சட்டகத்தில் விழுமாறு போனை ஸ்டூலில் நிறுத்தி, பொத்தானை அழுத்துவதைப் படம் பிடிக்க வேண்டும். பிறகு அதை ஒவ்வொரு படமாக நகர்த்தி, விரல் அமுங்கிய படத்திலிருந்து திரையில் அசைவு தொடங்கிய படம்வரை எண்ணினால், ஒரு படத்துக்கு 4.2 மில்லிநொடி வீதம் மொத்தத் தாமதம் கிடைத்துவிடும். உள்கூடத்தில் எண்ணியபோது 50 படங்களை ஒட்டி வந்தது. ஏறக்குறைய 210 மில்லிநொடி. ஐந்தில் ஒரு நொடி. வெண்டைக்காய் நறுக்க அது பெரிய தாமதமல்ல; மணிக்கு 200 கிலோமீட்டரில் போகும் கார் அதற்குள் 11 மீட்டர் கடந்துவிடும்.

அடுத்தது பிங். கணினியிலிருந்து ஒரு சிறு செய்தியை அனுப்பி அது போய்த் திரும்பும் நேரத்தை அளப்பது. வெளியே இருக்கும் சர்வரை அளக்குமுன் வீட்டு ரூட்டரையே அளந்து பார்த்ததில்தான் சங்கதி வெளிப்பட்டது. உள்கூடத்திலிருந்து தலைவாசல் ரூட்டருக்குப் போய்வர ஒன்றிரண்டு மில்லிநொடி ஆக வேண்டும். ஆனால் 3, 5, 4 என்று வந்துகொண்டிருக்கும் எண்கள் நடுவே திடீரென 45 என்று எகிறும், சில சமயம் பதிலே வராது. ரூட்டருக்குப் பக்கத்தில் திண்ணையில் உட்கார்ந்து வெளியே அளந்தபோது, சர்வர்வரை போய்வர 30 மில்லிநொடியை ஒட்டியே எண் நின்றது, அசையவில்லை. சர்வர் மும்பையில் இருந்தால், அந்தத் தொலைவுக்குப் பொருந்தும் எண் அது. கண்ணாடி இழையில் ஒளி ஒரு மில்லிநொடியில் சுமார் 200 கிலோமீட்டர் போகும். புதுச்சேரியிலிருந்து மும்பைக்கு ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல். போய்வரப் பத்து மில்லிநொடிக்கு மேல் ஒளிக்கே வேண்டும், மீதி வழியிலுள்ள ரூட்டர்களுக்கும் சுற்றுப்பாதைக்கும். ஆயிரம் கிலோமீட்டர் ஒழுங்காகக் கடந்து வந்த படம், வாசல் தாண்டி முற்றம் கடக்கும்போது தடுக்கி விழுந்துகொண்டிருந்தது.

காரணம் இரண்டு. வைஃபை இரண்டு அலைவரிசைகளில் இயங்குகிறது. 2.4 கிகாஹெர்ட்ஸ் சுவரைத் தாண்டி ஓரளவு போகும், ஆனால் நெரிசல் அதிகம். அதில் ஒன்றோடொன்று மோதாத தடங்கள் மூன்றே: 1, 6, 11. சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள் உள்ள தெருவில் பத்துப் பன்னிரண்டு ரூட்டர்கள் அந்த மூன்றையும் பங்கு போடுகின்றன. போதாக்குறைக்கு மைக்ரோவேவ் அடுப்பும் அதே அலைவரிசையில்தான் இயங்குகிறது. 5 கிகாஹெர்ட்ஸில் நெரிசல் குறைவு, வேகமும் அதிகம்; ஆனால் ஒன்றரை அடிச் சுவர் ஒன்றே அதை முடக்கிவிடும். உள்கூடத்து டிவி 5இல் தொற்றிக்கொள்ளப் பார்க்கும், முடியாமல் 2.4க்கு இறங்கும், மீண்டும் ஏறும். யூடியூப் இந்தத் தள்ளாட்டத்தை இருப்பில் வைத்திருந்த படத்தைக் கொண்டு மூடி மறைத்துவிடுகிறது. விளையாட்டால் மறைக்க முடிவதில்லை.

தீர்வு கம்பிதான். நேரு வீதிப் பக்கம் கடையில் வாங்கிய லேன் கேபிள், ரூட்டரிலிருந்து கிளம்பி, நடையின் மேல்சன்னல் வழியாக ஏறி, தாழ்வாரத்து உத்தரத்தின் ஓரமாக ஆணியடித்து முற்றத்தைச் சுற்றி, உள்கூடத்து டிவியின் முதுகில் போய்ச் சேர்ந்தது. முற்றத்தின் குறுக்கே நேராக இழுத்திருந்தால் பாதி நீளத்தில் முடிந்திருக்கும். ஆனால் மழையும் வெயிலும் நேராக விழும் இடத்தில் சாதாரணக் கேபிளின் மேலுறை நாளடைவில் வெடித்துவிடும், துணிக்கொடியாகவும் மாறிவிடும். கூடவே டிவியின் அமைப்புகளில் ‘கேம் மோட்’ போடப்பட்டது. ஒப்பனை வேலைகளை நிறுத்திவிட்டுப் படத்தை வந்தபடியே காட்டும் நிலை அது. ஜாய்ஸ்டிக்கும் புளூடூத்தை விட்டு யூஎஸ்பி கம்பிக்கு மாறியது. மறுபடி போனை ஸ்டூலில் நிறுத்தி எண்ணியபோது 26 படங்கள். சுமார் 110 மில்லிநொடி. கூகுள் தன் ஸ்டேடியா ஜாய்ஸ்டிக்கை டிவியோடு இணைக்காமல் வைஃபை வழியாக நேரே சர்வரோடு பேசுமாறு செய்திருந்ததும் இதே கணக்கில் சில மில்லிநொடிகளை மிச்சம் பிடிக்கத்தான்.

அதன்பிறகு கார் வளைவில் திரும்பியது. குத்துச்சண்டையில் மட்டும் ஏதோ குறைவது தெரிந்துகொண்டே இருந்தது. எந்த வகை விளையாட்டு இம்முறைக்குப் பொருந்தும் என்பதும் இதில் புலப்பட்டது. கதை கேட்டு, முடிவெடுத்து, நடந்து போகும் விளையாட்டுகள், துப்பறியும் விளையாட்டுகள், மாறி மாறிக் காய் நகர்த்தும் போர் உத்தி விளையாட்டுகள் ஆகியவை பெட்டியில் ஆடுவதற்கு இணையாகவே இருந்தன. பந்தயமும் பந்தாட்டமும் பழகிக்கொண்டால் ஆடலாம். சண்டையும் போட்டிச் சுடுகளமும் கடைசி வரிசை; அவற்றில் ஒரு படத்தின் தாமதம்கூட வெற்றி தோல்வியைத் தீர்மானிக்கும்.

படத்தின் தரத்திலும் ஒரு நுட்பம் உண்டு. காணொளிச் சுருக்கம் முந்தைய படத்திலிருந்து மாறிய பகுதியை மட்டும் அனுப்பி மிச்சம் பிடிக்கிறது. வெறிச்சோடிய அறையில் நடந்தால் மாற்றம் குறைவு, படம் கண்ணாடிபோல் இருக்கும். மழை பெய்யும் காட்டில் ஓடினால் ஒவ்வோர் இலையும் ஒவ்வொரு துளியும் மாறுகிறது. கொடுத்த அளவுக்குள் அடக்க முடியாமல் படம் குழம்பிவிடும். இருட்டுக் காட்சிகளில் கறுப்பு, திட்டுத் திட்டாகப் பிரியும். செல்போனில் ஆடும்போது இன்னொரு சங்கடம்: டிவிக்காக எழுதப்பட்ட வசனங்கள் ஆறங்குலத் திரையில் எறும்பு ஊர்வதுபோல் ஆகிவிடுகின்றன. ஆறு வயதுத் தம்பிக்குப் படிக்க முடிந்தது, அப்பாவுக்கு முடியவில்லை.

தரவுக் கணக்கு தனி. முழு ஹெச்டி படம், நொடிக்கு 60 வீதம் சரியாக வர ஏறத்தாழ 25 எம்பிபிஎஸ் வேண்டும். ஒரு மணி நேரத்துக்கு 11 ஜிபிக்குச் சற்று மேல். மாதம் 3,300 ஜிபி வரை தரும் வீட்டு ஃபைபர் திட்டத்துக்கு அது பாரமல்ல. செல்போன் திட்டத்துக்குத் தாங்காது. தரத்தைக் குறைத்து 10 எம்பிபிஎஸ்ஸில் ஆடினாலும், ஒரு நாளைக்கு 1.5 ஜிபி என்ற ரீசார்ஜ் இருபது நிமிடத்தில் தீர்ந்துவிடும். திண்ணையில் உட்கார்ந்து செல்போன் டேட்டாவில் ஆடிப் பார்த்த பிள்ளைகள், அன்று மாலை ஹாட்ஸ்பாட் கேட்டு வீடு வீடாக அலைந்தார்கள்.

நேரக் கணக்கும் உண்டு. மாலை ஏழிலிருந்து பத்துவரை உள்கூடத்து டிவி சீரியல்களுக்கு உரியது. இதில் பேச்சுவார்த்தைக்கு இடமில்லை. தெருவில் எல்லோரும் நெட் பயன்படுத்தும் நேரமும் அதுவே என்பதால், அந்த நேரத்தில் லேப்டாப்பில் ஆடினாலும் பிங் ஏறி இறங்கியது. பத்தரை மணிக்குமேல் அமைதி. எனவே கிளவுட் கேமிங் அவ்வீட்டில் இரவு வேலையாக மாறியது. ஒலியைக் குறைத்து, கதவை ஒருக்களித்து வைத்து.

மின்சாரம் போனால் இம்முறை முற்றிலும் நின்றுபோகிறது. செல்போனுக்குள் இறக்கி வைத்த விளையாட்டு பேட்டரி உள்ளவரை ஓடும். கிளவுட் விளையாட்டுக்கு, வீட்டு இன்வெர்ட்டரில் ரூட்டர் விழித்திருந்தாலும் போதாது. தெருக்கோடிக் கம்பத்தில் தொங்கும் கேபிள்காரரின் ஸ்விட்சுக்கும் மின்சாரம் வேண்டும். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது நகரமே இருளில் இருந்தது. முற்றத்தில் தண்ணீர் முழங்கால் அளவுக்கு நின்ற அந்த நாள்களில் பிள்ளைகளின் பொழுதைப் போக்கியது பரமபதம்.

பிரான்சிலிருந்து மாமா மகன் கோடை விடுமுறைக்கு வந்தபோது தொலைவின் உண்மையான விலை தெரிந்தது. அங்கே அவன் மாதந்தோறும் பணம் கட்டும் சேவை இங்கே திறக்கவே இல்லை. இந்த நாட்டில் கிடைக்காது என்று ஒரு வரி வந்தது. விளையாட்டுகளின் உரிமமும் சேவையும் நாடுவாரியாகவே விற்கப்படுவதால் கணக்கு பிரான்சுடையதாக இருந்தாலும் ஆடும் இடம்தான் கணக்கில் எடுத்துக்கொள்ளப்படுகிறது. மாற்று வழியாக, சர்செல் வீட்டிலிருந்த தன் சொந்தக் கணினியை அங்கிருந்த தங்கையை விட்டுப் போடச்சொல்லி, ஸ்டீம் ரிமோட் பிளே வழியாக இங்கிருந்து இணைந்தான். படம் வந்தது, கட்டளையும் போனது. ஆனால் வானவழித் தொலைவே சுமார் எட்டாயிரம் கிலோமீட்டர். போய்வர ஒளிக்கே 80 மில்லிநொடி. கடலடிக் கேபிள்கள் நேர்கோட்டில் போவதில்லை; செங்கடல், சூயஸ் வழி சுற்றித்தான் ஐரோப்பாவை எட்டுகின்றன. கம்பி, கேம் மோட் எல்லாம் இருந்தும் கார் பழையபடி தடுப்பில் மோதியது. வீட்டுக்குள் திருத்தக்கூடிய தாமதம் வேறு, இயற்பியல் விதிக்கும் தாமதம் வேறு என்பதற்கு அது நேர் விளக்கம். கிளவுட் சேவைகள் தரவு மையங்களை ஆடுபவர்களுக்கு அருகில் கொண்டுவரப் பணத்தைக் கொட்டுவது இதனால்தான். சென்னையில் சர்வர் இருந்தால், கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாக 150 கிலோமீட்டர். ஒளி போய்வர ஒன்றரை மில்லிநொடி.

அவன் கற்ற வேறொரு பாடம் உடைமை பற்றியது. ஸ்டேடியாவில் அவனுக்கு விளையாட்டுகள் இருந்தன. 2023 ஜனவரி 18 அன்று, புதுச்சேரியில் காணும் பொங்கல் முடிந்த மறுநாள், அந்தச் சேவை நிறுத்தப்பட்டது. விளையாட்டுகளுக்கும் கூகுள் கடையில் வாங்கிய ஜாய்ஸ்டிக்குக்கும் கூகுள் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. மாதச் சந்தாவுக்குக் கொடுக்கவில்லை. பணம் வந்தாலும், விளையாட்டுக்குள் அவன் கடந்துவந்த தூரத்தையெல்லாம் வேறு இடத்துக்குக் கொண்டுபோக முடியவில்லை. அந்த வீட்டின் பரணில் தொண்ணூறுகளின் 8 பிட் பெட்டி இன்னும் கிடக்கிறது. ஒயரைச் சரிசெய்தால் கான்ட்ரா ஓடும். கிளவுட் விளையாட்டில் கையில் இருப்பது அனுமதி மட்டுமே. சேவை நிறுவனம் கடையை மூடினாலும், விளையாட்டைத் தயாரித்தவர் உரிமத்தைத் திரும்பப் பெற்றாலும் அந்த அனுமதி போய்விடும். ஆன்லைவும் ஸ்டேடியாவும் மூடப்பட்ட வரலாற்றைப் பார்த்தால் இது வெறும் அச்சமல்ல.

மறுபுறம், ஐம்பதாயிரம் ரூபாய்ப் பெட்டியை வாங்க முடியாத வீட்டில் அதே விளையாட்டுகளை ஆட முடிந்தது என்பதும் உண்மை. ஒரு விளையாட்டை ஐயாயிரம் கொடுத்து வாங்குமுன் தொட்டுப் பார்க்க முடிந்தது. பிடிக்காவிட்டால் பத்து நிமிடத்தில் விட்டுவிட முடிந்தது. ஆண்டுக்குச் சில வாரம் மட்டும் விளையாடுபவருக்குப் பெட்டி வாங்கித் தூசி படியவிடுவதைவிடச் சந்தா லாபம். நாள்தோறும் பல மணி நேரம் போட்டி விளையாட்டு ஆடுபவருக்குப் பெட்டியோ கணினியோதான் சரி.

புதிதாக முயல்பவர்கள் சந்தா கட்டுமுன் பார்க்க வேண்டியவை சில. டிவி அல்லது கணினிக்கும் ரூட்டருக்கும் இடையே கம்பி இழுக்க வழி உண்டா என்பது முதலாவது. இல்லையென்றால் ரூட்டரை ஆடும் அறைக்கே மாற்றிவைக்க முடியுமா என்று கேபிள்காரரைக் கேட்கலாம். வைஃபையில்தான் ஆட வேண்டுமானால் ரூட்டர் கண்ணுக்குத் தெரியும் இடத்தில், 5 கிகாஹெர்ட்ஸில் ஆட வேண்டும். ரூட்டருக்கான பிங்கை முதலிலும் வெளியிலுள்ள சர்வருக்கான பிங்கைப் பிறகும் அளக்க வேண்டும். எண் சிறியதா என்பதோடு அது நிலையாக நிற்கிறதா என்றும் பார்க்க வேண்டும். டிவியில் கேம் மோட் இருக்கிறதா என்று தேட வேண்டும். இலவசமாகவோ ஒரு மாதத்துக்கோ கிடைக்கும் திட்டத்தில், தாங்கள் உண்மையில் ஆட நினைக்கும் விளையாட்டையே, தாங்கள் வழக்கமாக ஆடும் நேரத்தில் போட்டுப் பார்க்க வேண்டும். இவை சரியாக இருந்தால், புதிய சேவைகள் எத்தனை வந்தாலும் வீட்டில் மாற்ற வேண்டியது எதுவும் இராது.